உடலின் சமநிலையும் கணிதமும்

1774ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் விந்தையான பரிசோதனை ஒன்று நடைபெற்றது. ஜோர்ஜ் போடைஸ் என்னும் மருத்துவர் அறையொன்றை அடுப்பைப் போலச் சூடாக்கினார். அவரும் சாள்ஸ் பிளக்டன் என்னும் மருத்துவரும் வேறு சில அறிஞரும் அவ்வறையினுள்ளே புகுந்தனர். அறையின் வெப்பம் படிப்படியாக ஏற்றப்பட்டுப் பரனைற் அளவையில் 260 பாகை வரை உயர்ந்தது. நீர் கொதிப்பது 212 பாகையில் என்பதை நினைவிற் கொள்க. உள்ளே வைக்கப்பட்ட முட்டைகள் கல்லாய் வெந்தன. இறைச்சித் துண்டு வெந்து வறண்டது. ஆனால் அதே காற்றிலே சில நிமிட நேரம் நின்ற மனிதர் நலமாக வெளியே வந்தனர். அவர்தம் உடலின் வெப்பம் மிகச் சிறிதே மாறியிருந்தது. பிளக்டன் இச்செய்தியை 1775இல் இலண்டன் அரச கழகத்தின் ஏட்டில் வெளியிட்டார்.

முட்டைக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாடு யாது? முட்டை தன்மேற் படும் வெப்பத்தை வாளா ஏற்றுக்கொள்கிறது. உயிருள்ள உடலோ அதனை எதிர்த்து நிற்கிறது. தோலின் குருதிக் குழாய்கள் விரிகின்றன, வியர்வை பெருகுகிறது, அது ஆவியாகும்போது உடலின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. குளிர்காலத்தில் இதற்கு மாறாகக் குழாய்கள் சுருங்குகின்றன; தசைகள் நடுங்கி வெப்பத்தை உண்டாக்குகின்றன. புறத்தே எத்தகைய மாற்றம் நிகழினும், அகத்தே வெப்பநிலை 37 சதம பாகையை அடுத்தே நிற்கிறது.

வெப்பத்துக்கு மட்டும் உரிய இயல்பன்று இது. குருதியிலுள்ள சர்க்கரை, உப்பு, ஒட்சிசன், புளிப்புத்தன்மை ஆகிய யாவும் இவ்வாறே குறுகிய எல்லைக்குள் காக்கப்படுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு உடற்றொழிலியலார் குளோட் பேணாட் என்பார் இவ்வுண்மையைத் தெளிவுற எடுத்துக் கூறினார். உயிர்க்கு இரண்டு சூழல்கள் உண்டு, ஒன்று புறச்சூழல், மற்றையது உடலின் கலங்களைச் சூழ்ந்துள்ள அகச்சூழல் என்பது அவர் கொள்கை. அகச்சூழல் மாறாது நிற்பதனாலேயே உயர்ந்த விலங்குகள் புறச்சூழலுக்கு அடிமையாகாது வாழ முடிகின்றது என்றார் அவர். அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வோல்ற்றர் கனன் என்பார் 1926இல் இந்நிலைக்கு 'ஓமியோஸ்ராசிஸ்' என்று பெயரிட்டார். தமிழில் அதனை அகச்சமநிலை எனலாம்.

சமநிலை என்னும் சொல்லைக் கேட்டவுடன் அசையாது நிற்கும் தராசுத் தட்டுகள் நினைவுக்கு வருதல் இயல்பு. உடலின் சமநிலை அத்தகையதன்று. அது கணந்தோறும் குலைந்து, கணந்தோறும் திருத்தப்படுவது. கயிற்றின்மேல் நடப்பவன் அசையாமல் இருப்பதனால் விழாதிருக்கிறானா? இல்லை. சிறிது வலப்புறம் சாய்கிறான். உடனே இடப்புறம் திருத்துகிறான். திருத்தம் நின்ற அன்றே அவன் விழுவான்.

இத்தகைய திருத்தம் நிகழ்வதற்கு மூன்று உறுப்புகள் வேண்டும். விலகலை உணர்வது ஒன்று. அதனை உரிய அளவோடு ஒப்பிடுவது ஒன்று. ஒப்பிட்ட பின் எதிர்த்திசையிற் செயற்படுவது ஒன்று. செயலின் விளைவு மீண்டும் உணரும் உறுப்பைச் சென்றடைவதனால் இது ஒரு வட்டமாக அமைகிறது. இதற்கு எதிர்ப் பின்னூட்டல் என்று பெயர். வீடுகளின் நீர்த்தொட்டியில் மிதவையொன்று உண்டு. நீர் ஏற ஏற மிதவையும் ஏறிக் குழாயை அடைக்கிறது. நீர் இறங்கினால் மிதவையும் இறங்கிக் குழாயைத் திறக்கிறது. அங்கே காவலாளி எவரும் இல்லை. நீரே தன்னைக் காக்கும் வேலையைச் செய்கிறது.

இவ்வட்டத்தைக் கணிதத்தால் ஆராயும் முயற்சி மருத்துவரிடமிருந்து தொடங்கவில்லை, பொறியியலிலிருந்து தொடங்கியது. 1788இல் ஜேம்ஸ் வாற் தமது நீராவிப் பொறியின் வேகத்தை ஒரே சீராக வைத்திருக்கச் சுழலும் இரு குண்டுகள் கொண்ட கருவியொன்றைப் பொருத்தினார். வேகம் கூடினால் குண்டுகள் விலகி நீராவியைக் குறைக்கும். வேகம் குறைந்தால் நெருங்கி நீராவியைக் கூட்டும். காலப்போக்கில் இக்கருவியைப் பலர் பலவாறு திருத்தியமைத்தனர். ஆனால் எதிர்பாராத தொல்லையொன்று தோன்றியது. நுட்பமாகச் செய்யப்பட்ட சில கருவிகள் வேகத்தை நிலைநிறுத்துவதற்குப் பதிலாக அதனை மாறி மாறிக் கூட்டியும் குறைத்தும் பொறியை அலைக்கழித்தன. இதன் காரணத்தை 1868இல் ஜேம்ஸ் கிளாக் மக்ஸ்வெல் என்னும் பேரறிஞர் சமன்பாடுகளைக் கொண்டு விளக்கினார். காக்க வைத்த கருவியே எப்போது கலக்கும் கருவியாக மாறும் என்பதைக் கணித்தறிய முடியும் என்று அவர் காட்டினார்.

இவ்வறிவு உயிரியலுக்குள் முழுமையாகப் புகுவதற்கு ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் சென்றன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானங்களைக் குறிவைக்கும் பீரங்கிகளின் கட்டுப்பாட்டை ஆராய்ந்த நோபேட் வீனர் என்னும் கணித அறிஞருக்கு ஓர் ஐயம் எழுந்தது. அளவுக்கு மிஞ்சித் திருத்தும் பொறி தன் இலக்கின் இருபுறமும் ஊசலாடுகிறதே, மனித உடலிலும் இத்தகைய நோய் உண்டா என்பது அவ்வையம். கனனுடன் பணியாற்றியவரும் மெக்சிக்கோ நாட்டவருமான ஆத்தூரோ ரோசன்புளூத் என்னும் உடற்றொழிலியலாரிடம் அதனை வினவினார். உண்டு என்ற விடை உடனே கிடைத்தது. சிறுமூளை பழுதுற்ற நோயாளி மேசையிலிருக்கும் பொருளை எடுக்கக் கை நீட்டும்போது, கை பொருளைத் தாண்டிச் செல்கிறது. திருப்பினால் மறுபுறம் தாண்டுகிறது. இவ்வாறு ஊசலாடி நடுங்குகிறது. வீனர் 1948இல் வெளியிட்ட நூலில் இப்புதிய துறைக்குச் 'சைபர்நெற்றிக்ஸ்' என்று பெயர் வைத்தார். படகின் சுக்கானைப் பிடிக்கும் மீகாமனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயரை அவர் ஆக்கிக்கொண்டார்.

அந்த மீகாமனையே சான்றாகக் கொண்டு ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்கலாம். கூட்டலும் கழித்தலும் அறிந்த பிள்ளைகளும் இதனைத் தாளில் எழுதிப் பார்க்க முடியும். படகொன்று தன் வழியிலிருந்து எட்டு முழம் வலப்புறம் விலகியிருக்கிறது. விலகல் எவ்வளவோ அவ்வளவையும் மீகாமன் ஒரு நிமிடத்திலே திருத்துபவன் என்று கொள்க. அடுத்த நிமிடம் விலகல் பூச்சியம் ஆகிவிடும். இதனினும் சிறந்த திருத்தம் இல்லை.

இப்பொழுது ஒன்றை மட்டும் மாற்றுக. மீகாமனுக்கு வழி தெரியவில்லை. படகின் முன்புறமாகிய அணியத்தில் நிற்பவன் அளந்து சொல்லும் செய்தியையே அவன் நம்பியிருக்கிறான். அச்செய்தி அவனை அடைய ஒரு நிமிடம் செல்கிறது. படகு எட்டு முழம் வலப்புறமாகவே சிறிது நேரம் சென்றுகொண்டிருந்தது. 'எட்டு' என்ற செய்தி வர, மீகாமன் திருத்துகிறான். படகு சரியான வழிக்கு வந்துவிடுகிறது. ஆனால் அப்போது அவன் செவியில் விழும் செய்தி முன்னைய நிமிடத்துக்குரியது. அதுவும் 'எட்டு' என்றே சொல்கிறது. அவன் மீண்டும் எட்டு முழம் திருத்த, படகு இடப்புறம் எட்டு முழம் சென்றுவிடுகிறது. அடுத்த செய்தி 'பூச்சியம்' என்கிறது, அவன் வாளாவிருக்கிறான், படகு இடப்புறத்திலேயே நிற்கிறது. அதன் பின் 'இடப்புறம் எட்டு' என்ற செய்தி வர, படகு நேராகிறது. அதே செய்தி மறுபடியும் வர, படகு வலப்புறம் எட்டு முழம் பாய்கிறது. அடுத்து வரும் 'பூச்சியம்' என்ற செய்தியால் அங்கேயே நிற்கிறது. ஆறு நிமிடங்களில் ஒரு சுற்று முடிந்து பழைய நிலை வந்துவிட்டது. படகு என்றென்றைக்கும் இவ்வாறே அலையும்.

இங்கே அணியத்தில் நிற்பவன் பொய் சொல்லவில்லை. மீகாமனும் பிழை செய்யவில்லை. தாமதம் ஒன்றே பிழை. முழுத் திருத்தத்துக்குப் பதிலாகச் செய்தியின் பாதியளவே திருத்தினால், விலகல் எட்டிலிருந்து நான்கு, பூச்சியம் என இறங்கி, மறுபுறம் இரண்டு முழம் தாண்டி, மெல்ல மெல்ல அடங்கிவிடும். காற்பங்கே திருத்தினால் எட்டு, ஆறு, நான்கு, இரண்டரை, ஒன்றரை எனத் தாண்டாமலே வந்து சேரும். ஆனால் பதற்றங் கொண்டு ஒன்றரை மடங்கு திருத்தினாலோ, இடப்புறம் நான்கு, இடப்புறம் பதினாறு, இடப்புறம் பத்து, வலப்புறம் பதினான்கு, வலப்புறம் இருபத்தொன்பது என அலைவு பெருகிப் படகு அழியும். ஆகவே சமநிலையின் தலைவிதியை நிர்ணயிப்பவை இரண்டு: திருத்தத்தின் வலிமை ஒன்று, செய்தியின் தாமதம் மற்றொன்று. இக்கணக்கை நிமிடத்துக்கு நிமிடம் எழுதாது, இடையறாது நிகழும் மாற்றத்துக்கு எழுதினால் வகையீட்டுச் சமன்பாடு பிறக்கிறது. உடலைப் பற்றிய கணித மாதிரிகளுட் பெரும்பாலானவை அத்தகைய சமன்பாடுகளே.

உயிருள்ள உடல் இக்கணக்குக்கு அடங்குமா என்ற ஐயத்தை நீக்கிய சான்றுகளுள் ஒன்று கண்ணிலேயே உண்டு. ஒளி மிகுந்தால் கண்மணி சுருங்கும், குறைந்தால் விரியும். இதுவும் ஒரு பின்னூட்டல் வட்டம். ஒளி பட்டதற்கும் கண்மணி சுருங்கத் தொடங்குவதற்கும் இடையே ஏறக்குறைய ஐந்தில் ஒரு செக்கன் செல்கிறது. சாதாரண நிலையில் திருத்தம் மென்மையானது. ஆகவே தாமதத்தால் தீங்கில்லை. 1950களின் பிற்பகுதியில் யேல் பல்கலைக்கழகத்து லோறன்ஸ் ஸ்ராக் என்பார் நுண்ணிய ஒளிக்கதிர் ஒன்றைக் கண்மணியின் விளிம்பிலே படும்படி செலுத்தினார். கண்மணி சிறிது சுருங்கினும் ஒளி முழுவதும் மறைந்துவிடும். விரிந்தால் முழுவதும் உட்புகும். அஃதாவது, திருத்தத்தின் வலிமை செயற்கையாகப் பன்மடங்கு பெருக்கப்பட்டது. நோயெதுவும் அற்ற கண்மணி உடனே சுருங்குவதும் விரிவதுமாக அலையத் தொடங்கியது. ஏறக்குறைய ஒரு செக்கனுக்கு ஒரு முறை அலைந்தது. கண்மணியின் சாதாரண இயக்கத்தை அளந்து முன்கூட்டியே கணித்த அலைவுக் காலத்தோடு அது பெரிதும் ஒத்திருந்தது.

கண்மணியின் அலைவால் எவருக்கும் தீங்கில்லை. ஆனால் மூச்சு அலைந்தால் அது விளையாட்டன்று. நோய் முற்றியவரின் படுக்கையருகே விழித்திருப்போர் சில வேளை இதனைக் கண்டிருப்பர். மூச்சு மெல்லப் பெருகி ஆழ்ந்து செல்கிறது. பின்னர் படிப்படியாகத் தணிகிறது. சிறிது நேரம் முற்றாக நின்றே விடுகிறது. சுற்றியிருப்போர் திடுக்கிடும்போது மீண்டும் மெல்லத் தொடங்குகிறது. டப்ளின் நகரத்து மருத்துவர்களான ஜோன் செயின் 1818இலும் வில்லியம் ஸ்ரோக்ஸ் 1854இலும் விவரித்தமையால் இம்மூச்சு அவ்விருவர் பெயராலும் வழங்குகிறது. இதய பலவீனம் முற்றியவர்களிடத்து இது பெரிதும் காணப்படும்.

இதன் காரணம் மேலே கூறிய மீகாமனின் கதையே. குருதியில் காபனீரொட்சைட்டு மிகுந்தால் மூளையின் அடிப்பகுதி அதனை உணர்ந்து மூச்சை வேகப்படுத்துகிறது, குறைந்தால் தணிக்கிறது. ஆனால் காபனீரொட்சைட்டு வெளியேறும் இடம் நுரையீரல். அதனை உணரும் இடங்களோ மூளையும் கழுத்துக் குழாய்களும். இடையே செய்தியைச் சுமந்து செல்வது குருதி. இதயம் தளர்ந்தால் குருதியின் ஓட்டம் மெதுவாகிறது, செய்தி பழையதாகிறது. நுரையீரல் ஏற்கெனவே தேவையான காபனீரொட்சைட்டை அகற்றிவிட்ட பின்னும், மூளை பழைய செய்தியைக் கேட்டு இன்னும் விரைந்து மூச்சுவிடச் செய்கிறது. பின்னர் அளவுக்கு மீறிக் குறைந்த செய்தி வந்து சேர, மூச்சை நிறுத்திவிடுகிறது. 1956இல் ஆதர் கைற்றனும் அவர் குழுவினரும் நாய்களின் இதயத்திலிருந்து மூளைக்குச் செல்லும் குருதியை நீண்ட குழாயொன்றின் வழியே செலுத்தித் தாமதத்தைச் செயற்கையாக உண்டாக்கினர். அவற்றுட் சிலவற்றில் இதே மூச்சு தோன்றியது.

1977இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்து மைக்கேல் மக்கே, லியோன் கிளாஸ் ஆகிய இருவரும் இவ்வட்டத்தை ஒரே சமன்பாட்டில் எழுதினர். காபனீரொட்சைட்டு சீராக உண்டாகிறது. அது வெளியேறும் அளவு, சிறிது நேரத்துக்கு முன் இருந்த மட்டத்தைப் பொறுத்தது. அச்சமன்பாட்டின் சாரம் இவ்வளவே. தாமதத்தைக் கூட்டினாலோ, மூளையின் எதிர்ச்செயலை வலிமைப்படுத்தினாலோ, சீரான மூச்சு அலையும் மூச்சாக மாறுவதை அது காட்டியது. இதிலிருந்து மருத்துவம் பெற்ற பாடம் பெரிது. உறுப்பு பழுதுறுவதால் மட்டும் நோய் உண்டாவதில்லை. உறுப்புகளுக்கிடையே உள்ள காலப் பொருத்தம் குலைவதாலும் நோய் உண்டாகும். நுரையீரலையும் மூச்சுக்குரிய மூளைப் பகுதியையும் தனித்தனியே சோதித்தால் குறை தோன்றாதிருக்கலாம். வட்டத்தை முழுமையாக நோக்கினால் மட்டுமே நோய் தென்படும்.

இவ்வறிவு இல்லந்தோறும் பயன்படும் இடம் நீரிழிவு நோயாகும். வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறக்குறைய ஐந்து லீற்றர் குருதி உண்டு. உண்ணாத நிலையில் அக்குருதி முழுவதிலும் கரைந்திருக்கும் குளுக்கோசு ஐந்து கிராம் அளவே. ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கும். ஒரு வேளைச் சோற்றிலோ அதனைப் போலப் பத்து மடங்குக்கு மேற்பட்ட மாப்பொருள் உண்டு. எனினும், நலமுள்ளவருக்கு உணவின் பின் சர்க்கரை சிறிது ஏறி, இரண்டு மூன்று மணி நேரத்துள் பழைய மட்டத்துக்கு வந்துவிடுகிறது. சதையி என்னும் சுரப்பி இன்சுலினைச் சுரந்து சர்க்கரையைத் தசைகளுக்கும் ஈரலுக்கும் அனுப்புகிறது. சர்க்கரை குறையும்போது அதே சுரப்பி குளூக்ககன் என்னும் ஓமோனைச் சுரந்து ஈரலின் சேமிப்பைத் திறக்கிறது.

1921இல் ரொறன்ரோ நகரில் பிரடெரிக் பன்ரிங், சாள்ஸ் பெஸ்ற் ஆகியோர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் அது முதன்முறையாக நோயாளி ஒருவருக்கு ஏற்றப்பட்டது. அதுவரை சாவுக்கு அஞ்சிக் காத்திருந்த பிள்ளைகள் உயிர் பிழைத்தனர். ஆயினும் ஒரு குறை எஞ்சி நின்றது. சதையி கணந்தோறும் சர்க்கரையை உணர்ந்து இன்சுலினைக் குருதிக்குள்ளேயே விடுகிறது. ஊசியோ தோலின் கீழே மருந்தை வைத்துவிட்டு ஓய்ந்துவிடுகிறது. அம்மருந்து மெல்லக் கசிந்து குருதியை அடைந்து, சில மணி நேரம் வேலை செய்கிறது. உணவின் பின் சர்க்கரை ஏறியிருப்பதைக் கண்டு ஒருவர் இன்சுலின் ஏற்றுகிறார். ஒரு மணி நேரத்தின் பின்னும் அது போதிய அளவு இறங்கவில்லை எனப் பதறி மறுபடியும் ஏற்றுகிறார். முதல் மருந்தின் வேலை இன்னும் முடியவில்லை. இரண்டும் சேர்ந்து வேலை செய்யும் வேளையில் சர்க்கரை வீழ்ந்து, வியர்த்து, நடுங்கி, அறிவு மயங்கும் நிலை வருகிறது. அஞ்சி இனிப்பை மிகுதியாக உண்டால் மறுபடியும் ஏறுகிறது. பழைய செய்தியைக் கேட்டு ஒன்றரை மடங்கு திருத்திய மீகாமன் இவரே.

இவ்வட்டத்தை எண்களால் எழுதும் முயற்சியில் 1961இல் விக்ரர் போலி என்பார் வழிகாட்டினார். 1979இல் றிச்சாட் பேக்மன், குளோடியோ கொபெல்லி முதலியோர் 'மிகச் சிறிய மாதிரி' என்னும் சமன்பாடுகளை அமைத்தனர். குருதியில் இன்சுலின் ஏறியவுடனே சர்க்கரை இறங்குவதில்லை. இன்சுலின் குருதியைக் கடந்து இழையங்களைச் சென்றடைந்த பின்னரே வேலை தொடங்குகிறது. அந்த இடைநிலைக்கென்றே அவர்கள் ஒரு தனிச் சமன்பாட்டை ஒதுக்கினர். ஒருவருடைய உடல் இன்சுலினுக்கு எவ்வளவு இணங்குகிறது என்பதைச் சில மணி நேரப் பரிசோதனையால் ஓர் எண்ணாகக் கண்டறிய இம்மாதிரி உதவியது. பின்னர் இத்தாலியின் பதுவா, அமெரிக்காவின் வேர்ஜினியா ஆகிய இரு பல்கலைக்கழகத்தாரும் விரிவான மாதிரியொன்றை அமைத்து, கணினியினுள்ளே முந்நூறு கற்பனை நோயாளரைப் படைத்தனர். 2008இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் இன்சுலின் கட்டுப்பாட்டு முறைகளைச் சோதிப்பதில் விலங்குப் பரிசோதனைக்கு ஈடாக அதனை ஏற்றுக்கொண்டது.

2016இல் அதே நிருவாகம் சர்க்கரையை உணரும் கருவியையும் இன்சுலினைச் செலுத்தும் சிறு பம்பியையும் கணக்கிடும் கருவியோடு இணைத்த முதலாவது அமைப்பை அனுமதித்தது. அத்தகைய கருவி முன்னர் செலுத்தி இன்னும் வேலை முடியாத இன்சுலின் எவ்வளவு என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்கிறது. அஃதாவது, தான் ஏற்கெனவே செய்த திருத்தத்தை மறவாத மீகாமனாக அது நடந்துகொள்கிறது. ஆயினும் அக்கருவியை அணிந்தவர் உண்ணப்போகும் வேளையை அதற்கு அறிவிக்க வேண்டியிருந்தது. உணவின் சர்க்கரை விரைந்து ஏறுகிறது. தோலின் கீழிட்ட இன்சுலினோ மெல்லவே செல்கிறது. ஏறிய பின்னர் துரத்தினால் எட்டிப் பிடிக்க இயலாது. நலமுள்ள உடலும் இவ்வுண்மையை அறிந்தே நடக்கிறது. உணவு குடலை அடைந்தவுடன் குடல் சுரக்கும் ஓமோன்கள், குருதியிற் சர்க்கரை பெரிதும் ஏறுமுன்னரே, சதையியை ஆயத்தப்படுத்துகின்றன. தாமதத்தை வெல்ல இரண்டு வழிகள் உண்டு: மென்மையாகத் திருத்துவது ஒன்று, முன்கூட்டி அறிவது ஒன்று. உடல் இரண்டையும் கையாள்கிறது.

கணித மாதிரி உடலன்று என்பதையும் மறத்தலாகாது. தேசப்படத்தில் மரங்களும் மேடுபள்ளங்களும் இல்லை. எனினும் வழி தெரிகிறது. அதுபோலவே மூன்று நான்கு சமன்பாடுகளில் அச்சமும், உறக்கமின்மையும், காய்ச்சலும், நடந்து வந்த களைப்பும் அடங்கா. இவை யாவும் சர்க்கரையை மாற்றுவன. ஆகையால் ஒருவருக்குப் பொருந்தும் அளவு மற்றவருக்குப் பொருந்துவதில்லை. அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரைக் கலந்து செய்ய வேண்டியவை. திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் மருத்துவன் எண்ணிப் பார்க்க வேண்டியவற்றுள் நோயாளியையும் நோயையும் கூறி, அவற்றோடு காலத்தையும் சேர்த்தே வைத்திருக்கிறது. அளவு எவ்வளவு முதன்மையானதோ அவ்வளவுக்குக் காலமும் முதன்மையானது என்பதையே சமன்பாடுகளும் காட்டுகின்றன.

ஆகவே வீட்டில் நீரிழிவு நோயாளி இருப்பின், சோதனையில் வந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்து மகிழ்வதும் கலங்குவதும் போதா. அவ்வெண் எப்போது எடுக்கப்பட்டது, கடைசியாக உண்டது எப்போது, மருந்து ஏற்றியது எப்போது என்ற மூன்றையும் அதன் பக்கத்திலே எழுதி வைத்தல் வேண்டும். மருத்துவரிடம் செல்லும்போது அக்குறிப்பேட்டையும் கொண்டு செல்வது நன்று. சர்க்கரையின் மட்டத்தை மட்டும் காட்டும் ஏட்டிலும் பார்க்க, அது எத்திசையில் எவ்வளவு விரைவாகச் செல்கிறது என்பதைக் காட்டும் ஏடே அவருக்குப் பெரிதும் உதவும்.